இருபது நிமிடத்தில் தானே பச்சையாகும்

"இதுல யாரும்மா பெரிய சோம்பேறி?" என்று கேட்டார் பொது மேலாளர்.

மணி பத்து முப்பத்துமூன்று. மூன்றாம் மாடிக் கூட்ட அறையின் வெள்ளைச் சுவர் முழுக்க அவளுடைய செயலி விரிந்திருந்தது. பதினெட்டு இயந்திரங்கள், பதினெட்டு வரிகள். பதினேழில் பச்சை. ஒன்றில் மட்டும் மஞ்சள். டிரையர் 3, நின்ற நேரம் 10:18, மெக்கானிக்குச் செய்தி போய்விட்டது, பதில் வரவில்லை. அந்த வரியின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அது பூஜ்யத்தைத் தொடும். தொட்டதும் மஞ்சள் தானாகவே பச்சையாகும். கீழே இயந்திரங்களை இயக்கும் பேனல் அறையில் இருப்பவர் பச்சையைப் பார்த்ததும் டிரையரை ஓட்டிவிடுவார். அந்தக் காட்சியைக் கண்ணாரப் பார்க்கத்தான் மேலாளர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு ஆலையில் ஸ்டாப்வாட்ச் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மருத்துவமனைகளும் தங்கும் விடுதிகளும் அனுப்பும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் நாளொன்றுக்குப் பதினான்கு டன் துவைத்து, உலர்த்தி, மடித்துத் திருப்பியனுப்பும் சலவை ஆலை அது. அவள் அங்கே ஆறு வருடம் கீழ்த்தளத்தில் விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தவள். பிறகு அனுப்புதல் பிரிவில் குமாஸ்தா. அலுவலகத்தில் எல்லோருக்கும் அஞ்சல், அரட்டை, கோப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் கிளவுட் தளம் ஒன்றை வாங்கிப்போட்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் அதைப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பப் பயன்படுத்தினார்கள். அவள் ஒரு மதியம், திரையின் இடதுபக்கத்தில் யாரும் சீண்டாமல் கிடந்த 'புதிய பட்டியல்' என்ற பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பட்டியல் வந்தது. பட்டியலுக்கு ஒரு படிவம் வைக்கலாம் என்றது. வைத்தாள். படிவத்தை யாராவது நிரப்பினால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டது. அந்த இடத்தில் அவள் மாட்டிக்கொண்டாள். இது நடந்தால் அது, அது நடக்காவிட்டால் இது என்று பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டே போகலாம். அந்தக் கோவைக்கு ஃப்ளோ என்று பெயர். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எதை அடுத்து எது என்று தெரிந்தால் போதும். அது அவளுக்குப் பிறவியிலேயே தெரியும். வீட்டில்கூடப் பாத்திரம் கழுவும் முறைக்கு ஒரு பட்டியல் கட்டி, ஒப்புதலுக்காகக் கணவருக்கு அனுப்பினாள். அந்த மனிதர் மூன்று மாதமாக அதைப் பரிசீலனையிலேயே வைத்திருக்கிறார்.

ஆலைக்காக அவள் முதலில் கட்டியது இந்தச் செயலியைத்தான். அதற்கு முன்னால் ஒரு இயந்திரம் பழுதாகிச் சரியானால், மெக்கானிக் நூற்றெண்பது மீட்டர் நடந்து பேனல் அறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே ஃபோன் அடித்தால் கேட்காது. இரைச்சலுக்குக் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுடைய செயலி வந்த பிறகு நடை நின்றது. இயந்திரம் நின்றால் மெக்கானிக்கின் ஃபோனுக்கு ஒரு செய்தி போகும். அதில் இரண்டு பொத்தான்கள். 'தயார்' என்பதை அழுத்தினால் பேனல் திரையில் பச்சை. 'இன்னும் இல்லை' என்பதை அழுத்தினால் ஆரஞ்சு, கூடவே காரணம். எதையும் அழுத்தாவிட்டால் மஞ்சள். மஞ்சளோ ஆரஞ்சோ, பச்சையாகாத இயந்திரத்தை யாரும் ஓட்டமாட்டார்கள். இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. கீழ்த்தளத்தில் அவளுக்கு ஃபார்ம் அக்கா என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

அந்த மஞ்சள்தான் மேலாளரின் கண்ணை உறுத்தியது. அரைமணி, ஒருமணி என்று மஞ்சளிலேயே கிடக்கும் இயந்திரங்கள். வேலையை முடித்துவிட்டு அழுத்த மறந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள் என்று முடிவுகட்டினார். "இருபது நிமிஷம் பதில் வரலன்னா, தயார்னு நாமளே எடுத்துக்கணும். தானா பச்சையாகணும். செய்ய முடியுமா முடியாதா?" என்றார். முடியும் என்றாள். அவளால் முடியாதது அந்தத் தளத்தில் ரொம்பக் குறைவு. இன்று காலை ஆறு மணி ஷிஃப்டிலிருந்து புது விதி ஓடுகிறது. இன்று இது சரியாக ஓடினால் அடுத்த திங்கள் மற்ற இரண்டு ஆலைகளுக்கும் போகும். போனால், ஒப்பந்தக் குமாஸ்தாவாக வருடாவருடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் அவள், நிரந்தரச் சம்பளத்தில் செயலி உருவாக்குநர் ஆகிவிடுவாள். அந்தப் பதவிக்கான கோரிக்கையில் தலைமை அலுவலகம் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருந்தது. நாற்பத்தொரு வயதில் முதல்தடவையாக ஒரு வேலை அவளுக்கென்றே உண்டாக்கப்படுகிறது.

"சோம்பேறியா சார்? ஒரு நிமிஷம்" என்று அவள் அட்டவணையை ஆள்வாரியாகப் பிரித்தாள். மூன்று மாதக் கணக்கு. மஞ்சளில் இருபது நிமிடத்துக்கு மேல் விட்டவர்கள். முதலிடத்தில் எலி. நாற்பத்தொரு தடவை.

"எலின்னா?"

"மெக்கானிக் சார். உடம்பு ஒல்லி. எந்த இடுக்குன்னாலும் புகுந்துடுவார்னு அந்தப் பேரு."

"டீக்கடையில புகுந்திருப்பான்" என்றார் மேலாளர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொள்முதல் பிரிவு அம்மாள் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு அட்டவணையை ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கமும் பிரித்துப் பார்க்காமல் அவளுக்குக் கை நிற்காது. விரிப்பு எண்ணிய காலத்துப் பழக்கம். மேலிருந்து எண்ணினால் ஒருமுறை கீழிருந்தும் எண்ண வேண்டும். ஆள்வாரி போய் இயந்திரவாரி வந்தது. சுவரில் எண்கள் மாறி உட்கார்ந்தன.

துவைக்கும் இயந்திரங்கள், பூஜ்யம். இஸ்திரி ரோலர்கள், பூஜ்யம். மடிப்பு இயந்திரங்கள், ஒன்று. கன்வேயர், இரண்டு. டிரையர் 1, இருபத்தொன்பது. டிரையர் 2, முப்பத்தொன்று. டிரையர் 3, முப்பத்தெட்டு. டிரையர் 4, முப்பத்துமூன்று.

அவள் எலியின் பெயரை மட்டும் தனியாக எடுத்தாள். மூன்று மாதத்தில் மற்ற இயந்திரங்களில் அவருக்குப் போன செய்திகள் நூற்றுப் பதினாறு. நூற்றுப் பதினாறுக்கும் பதில் வந்திருந்தது, எல்லாம் இருபது நிமிடத்துக்குள். ரோலரில் சுறுசுறுப்பான ஆள் டிரையரில் மட்டும் எப்படிச் சோம்பேறி ஆவான்? எலி மட்டுமில்லை. ஐந்து மெக்கானிக்குகளுக்கும் அதே கதை. டிரையர் என்றால் மட்டும் கை வராமல் போகிறது. நாலு டிரையருக்கும் மற்ற பதினாலு இயந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் அவளுக்குத் தெரியும். ஆறு வருடம் அந்த டிரையர்களுக்குப் பத்தடி தள்ளி நின்று விரிப்பு எண்ணியவள். மற்ற இயந்திரங்களில் மெக்கானிக் கையை விடுவார், தலையை விடுவார். டிரையரில் முழு ஆளும் உள்ளே போக வேண்டும். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய டிரம்.

பார்வை மஞ்சள் வரிக்குப் போனது. டிரையர் 3. காரணம்: பின்பக்க சீல் சோதனை. மெக்கானிக்: எலி. பூட்டு எண் என்ற கட்டத்தில்: பொருந்தாது. வேறு எந்த வேலையென்றாலும் மெக்கானிக் மெயினை அணைத்துத் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். காற்றுக் கசியாமல் அடைக்கும் சீலைப் பார்க்கும் சோதனையில் அது நடக்காது. உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும், இறங்கிவந்து பக்கத்துப் பொத்தானால் டிரம்மைக் கால் சுற்று சுற்ற வேண்டும், மறுபடி ஏறிப் பார்க்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். கதவு திறந்திருந்தால் ஓடாது என்கிற பாதுகாப்பையும் அந்த ஒரு வேலைக்காக விலக்கிவைத்திருப்பார்கள். அப்படியானால் உள்ளே இருக்கும் ஆளுக்குக் காவல் எது?

மஞ்சள்தான். பதில் போடாமல் விட்ட அந்தச் செய்திதான்.

கடிகாரம் 3:20 என்றது.

"சார்" என்றாள். "இது டீ இல்ல. ஆள் உள்ள இருக்கார்."

"எங்க உள்ள?"

"டிரம்முக்குள்ள. அவங்க மறக்கல சார். வேணும்னே பதில் போடாம வச்சிருக்காங்க. மஞ்சளா இருக்கிற வரைக்கும் யாரும் ஓட்டமாட்டாங்க இல்ல, அதுக்காக. இன்னும் மூணு நிமிஷத்துல நம்ம ஃப்ளோ அதைப் பச்சையாக்கிடும்."

மேலாளர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"டேபிள் சொல்லுது."

"அப்ப நிறுத்துங்க அதை."

அங்கேதான் சிக்கல். வெள்ளிக்கிழமை வரை அந்த ஃப்ளோ அவள் கையில் இருந்தது. மூன்று ஆலைக்கும் போகிற விஷயம், ஒரு குமாஸ்தாவின் கணக்கில் இருக்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் உரிமையை வாங்கிக்கொண்டது. இப்போது அவளால் பார்க்கத்தான் முடியும். அவர்களைக் கூப்பிட்டால் முதலில் டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, போடச் சொல்வார்கள். அதற்குப் பதில் வர இரண்டு மணி நேரம். போகட்டும், அவர்கள் ஃப்ளோவை அணைத்தாலும் பிரயோசனமில்லை. ஏற்கெனவே எண்ணத் தொடங்கிவிட்ட ஓட்டம், அணைத்த பிறகும் எண்ணி முடிக்கும். புதிதாகத்தான் எதுவும் தொடங்காது. இதையெல்லாம் அவள் யோசித்து அறிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டு ஸ்விட்ச் போர்டு மாதிரி எது எங்கே என்று கைக்குத் தெரியும்.

மாடிப்படி, சுத்தத்துக்காக வைத்த உடைமாற்றும் தடுப்பு, கூடத்தின் நீளம், எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஆறு நிமிடம். பேனல் அறை ஃபோன் கேட்காது. கேட்டிருந்தால் இந்தச் செயலியே பிறந்திருக்காது.

ஒரு வழி இருந்தது. இருபதாவது நிமிடம் ஃப்ளோ கண்விழித்ததும் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: பதில் இன்னும் காலியாக இருக்கிறதா? காலியாக இல்லாவிட்டால் பேசாமல் படுத்துவிடும். அந்த நிபந்தனையை வைத்தவள் அவளே. எலிக்காக யாராவது 'இன்னும் இல்லை' என்று பதில் போட்டால் போதும். 'வேறொருவர் சார்பாக' என்ற வசதியையும் படிவத்தில் அவள்தான் வைத்திருந்தாள்.

ஃபோனை எடுத்தாள். படிவம் திறந்தது. டிரையர் 3. சார்பாக: எலி. இன்னும் இல்லை.

காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. உதிரிபாகம் வரவில்லை. மின்கோளாறு. எண்ணெய்க் கசிவு. பெல்ட். சூடு அதிகம். வெளி நிபுணர் தேவை. மற்றவை. ஏழு காரணங்கள். ஒரு வாரம் உட்கார்ந்து, பழைய பழுதுப் பதிவேடுகளையெல்லாம் புரட்டி எடுத்த ஏழு. ஆள் உள்ளே இருக்கிறார் என்பது அதில் இல்லை.

மற்றவை.

விளக்கவும் என்றது. 'ஆள் உள்ளே' என்று தட்டினாள். பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. குறைந்தது இருபது எழுத்து வேண்டும். அதுவும் அவள் வைத்ததுதான். ஒருத்தர் விடாமல் வெறும் புள்ளி வைத்து அனுப்புகிறார்கள் என்று கோபத்தில் வைத்தது.

"ரெண்டு நிமிஷம் அஞ்சு செகண்ட்" என்றார் மேலாளர். ஸ்டாப்வாட்ச் என்று சும்மாவா பெயர் வந்தது.

ஆள் உள்ளே ஆள் உள்ளே ஆள் உள்ளே.

சிவப்புக் கோடு போனது. அடுத்த பக்கம் வந்தது. புகைப்படம் இணைக்கவும், கட்டாயம். இதைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தபோது அவளுடைய மகள், "என்னம்மா இது, தும்மினாக்கூட போட்டோ கேக்கும் போல" என்றாள். ஆதாரம் இல்லாமல் காரணத்தை எப்படி நம்புவது என்று மகளுக்கு அவள் கால்மணி நேரம் விளக்கம் சொன்னாள்.

ஃபோனை உயர்த்தினாள். எதிரில் இருந்தது மேலாளர். அவரையே எடுத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஆடாதீங்க சார்."

படம் ஏறத் தொடங்கியது. ஒரு வெள்ளை வளையம் சுற்றிக்கொண்டேயிருந்தது. கொள்முதல் அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். சுவரில் கடிகாரம் ஐம்பத்தொன்று, ஐம்பது என்று இறங்கியது. வளையம் சுற்றினால் படம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நின்றால்தான் கவலை. அவள் கட்டியதில் தேவையில்லாதது இருக்கலாம். ஒழுகுவது எதுவும் இருக்காது. அந்த நம்பிக்கையில் அவள் கட்டைவிரலை 'அனுப்பு' பொத்தானுக்கு மேல் வைத்துக் காத்திருந்தாள். வளையம் மறைந்தது. அழுத்தினாள்.

சுவரில் மஞ்சள் வரி ஒருமுறை சிமிட்டி ஆரஞ்சுக்கு மாறியது. 10:37:34.

இருபத்தாறு விநாடி கழித்து ஃப்ளோ விழித்தது. பார்த்தது. படுத்துக்கொண்டது.

அறையில் முதலில் கேட்டது கொள்முதல் அம்மாளின் சிரிப்பு. இந்த முறை மரியாதைக்கு இல்லை. சுவரில், டிரையர் 3 என்ற தலைப்பின் கீழ், பழுதின் ஆதாரமாக மேலாளரின் முகம் பெரிதாக விரிந்திருந்தது. வாய் பாதி திறந்து, ஒரு கண் பாதி மூடி. பக்கத்தில் ஆள் உள்ளே ஆள் உள்ளே ஆள் உள்ளே.

"அதை அழிக்க முடியுமா?" என்றார் அவர்.

"பதிவு போட்டா அழிக்க முடியாது சார். நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க."

அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "உள்ள ஆள் இல்லன்னு வைங்க, அப்புறம் என்ன பண்றது?"

"இல்லன்னா நான் தப்பு. வாங்க சார், போய்ப் பாத்துடலாம்."

படியிறங்கும்போது அவர் முன்னால் போனார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, திரும்பாமலே சொன்னார். "மூணு ஆலைக்கும் அடுத்த திங்கள்னு வாக்குக் குடுத்தாச்சு. தள்ளிப்போச்சுன்னா உங்க போஸ்டையும் தள்ளிப்போடுவாங்க. நான் மறுபடி முதல்லேருந்து பேசணும்."

"தெரியும் சார்."

"இருபது நிமிஷம்னு சொன்னது நான்தானே."

"சொன்னது நீங்க. கட்டினது நான்."

மிச்சப் படிகளில் அவர் அவள் பக்கத்திலேயே நடந்தார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. விரிப்பு ஏற்றிய தள்ளுவண்டிகள் இரண்டு ஆள் உயரத்துக்கு வரிசை கட்டி நின்றன. அந்த வரிசைக்கு அப்பால் இருப்பதைப் பேனல் அறையிலிருந்து கழுத்தை எவ்வளவு நீட்டினாலும் பார்க்க முடியாது என்பதை அவள் போகிற போக்கில் கவனித்துக்கொண்டாள். முதல் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதும். மூன்றாவதன் கதவு திறந்து கிடந்தது. கதவுக்குக் கீழே மடித்துப் போட்ட கிழிந்த விரிப்பின் மேல் ஒரு ஜோடி ஷூ. உள்ளே, ஆழத்தில், ஒரு டார்ச் வெளிச்சம் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

மேலாளர் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்க்கும் பழக்கம் அவரை விட்டு ஒரு நிமிடம் எங்கோ போயிருந்தது.

டிரம்மின் ஓரத்தில் அவள் கையால் தட்டினாள். வெளிச்சம் திரும்பியது. காலை முதலில் விட்டு, இடுப்பைத் திருகி, தலையைக் கடைசியாக எடுத்து எலி வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியிலும் புருவத்திலும் நூல்பஞ்சு ஒட்டி நரைத்த மாதிரி இருந்தது. கையுறையைக் கழற்றி ஃபோனை எடுத்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என் செய்தில யாருக்கா கை வச்சது?"

"நான்தான்."

"என்னக்கா நீங்க, ஆரஞ்சாயிருக்கு. நான் தொடாம வச்சிருந்தா யாரும் தொடக்கூடாது, அதானே கணக்கு. வெளிய வந்துட்டேன், பார்ட்டுக்காகக் காத்திருக்கேன்னு நெனச்சுக்குவாரு பேனல் அண்ணன்." அப்புறம்தான் பின்னால் நின்றவரைக் கவனித்தார். "வணக்கம் சார்."

"எது கணக்கு? யாரு சொன்ன கணக்கு இது?" என்றார் மேலாளர்.

"யாரும் சொல்லல சார், அதுவா அமைஞ்சுது. கையில கிளவுஸு. உள்ள சிக்னலும் இல்ல. இன்னும் இல்லன்னு அழுத்தினா அக்காவோட ஃபார்ம் போட்டோ குடு, இருபது எழுத்து எழுதுங்குது. எதைப் போட்டோ எடுக்க, என் மூஞ்சியவா?"

"மூஞ்சியும் எடுத்துக்குது" என்றார் மேலாளர்.

"அதான் வர்ற செய்திய அப்படியே விட்டுடுறது. மஞ்சளா கெடந்தா ஆள் உள்ள இருக்கான். அவ்வளவுதான். ரெண்டு வருஷமா ஒரு பிரச்சினை இல்ல."

"இன்னிக்கு விதி மாறியிருக்கு. வெள்ளிக்கிழமை மெயில் போச்சே, பாக்கலையா?"

எலி அவரை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மெக்கானிக் எவன் சார் மெயில் பாக்குறான்?"

அவள்தான் விதியை விளக்கினாள். இருபது நிமிடம், தானே பச்சை. எலி கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்ததும் திரும்பி டிரம்மின் வாயைப் பார்த்தார், ஃபோனில் 10:18 என்று இருந்த செய்தியைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணுவது போல உதடு அசைந்தது. பிறகு விரிப்பின் மேல் உட்கார்ந்து, நிதானமாக ஷூவின் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றார், நிமிராமல்.

"கேட்டிருக்கணும்" என்றாள். "இனிமே கேக்காம எதையும் கட்டமாட்டேன்."

மேலாளர் ஃபோனைக் காதில் வைத்தார். தலைமை அலுவலகம் எடுத்தது. அந்த ஃப்ளோவை உடனே நிறுத்துங்கள் என்றார். மறுபக்கத்தில் ஏதோ கேட்டார்கள். "டிக்கெட்டா?" என்றார். "என் பேரையே டிக்கெட்டாப் போட்டுக்கோங்க. நான் லைன்லயே இருக்கேன்." நாலு நிமிடம் இருந்தார். நின்றுவிட்டதை அவள் தன் ஃபோனில் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வைத்தார்.

"சரி, மூணாவதா ஒரு பொத்தான். 'உள்ளே இருக்கிறேன்'னு. நாளைக்கு முடியுமா?"

நேற்று என்றால் முடியும் என்றிருப்பாள். முடியும்தான். அரைமணி நேர வேலை. ஆனால் கையுறை போட்ட விரல் எந்தப் பொத்தானை அழுத்தும்? சிக்னல் இல்லாத இடத்திலிருந்து எந்தச் செய்தி போகும்? ஏறும் முன்னே அழுத்திவிட்டு ஏறினால், கால் சுற்றுக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்வது? கேள்விகள் பெட்டி பெட்டியாக வந்து உட்கார்ந்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது. பதில் தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

"நாளைக்கு முடியாது சார். அடுத்த திங்களும் கிடையாது. எப்பன்னு உள்ள போயிட்டு வந்து சொல்றேன்."

"எதுக்குள்ள?"

அவள் ஏற்கெனவே செருப்பைக் கழற்றியிருந்தாள். எலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, வாட்ச்சக் கழட்டுங்க, வளையலயும். அந்தக் கிளவுஸப் போட்டுக்கங்க. இருங்க, உங்களுக்கு சீல் பாக்குற வேலை இல்ல, அதனால நான் மெயினை அணைச்சுப் பூட்டுப் போட்டுடறேன்." பூட்டு சொடுக்கிய சத்தம் கேட்டது. சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார். பிறகு தன் ஃபோனில் டிரையர் 3 நின்றதாக ஒரு புதுப் பதிவு போட்டார். மெக்கானிக் பெயரில் அவள் பெயரைச் சேர்த்தார். அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. இரண்டு பொத்தான்களோடு அவள் கட்டிய செய்தி முதல்தடவையாக அவளுக்கே வந்திருந்தது.

ஒரு ஃபோனை உள்ளே கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும், எலியின் ஃபோன் போதும். தன்னுடையதை யாரிடமாவது கொடுக்க வேண்டும். எலி அவளை ஏற்றிவிட இரண்டு கையையும் கோத்து நின்றார். மேலாளர் கையை நீட்டினார்.

"அழுத்திடாதீங்க சார்" என்றார் எலி. "பூட்டிதான் இருக்கு. இருந்தாலும் அதைத் தொடாதீங்க."

முழங்காலை விளிம்பில் ஊன்றி, உடம்பைத் திருகி அவள் உள்ளே நழுவினாள். சுற்றிலும் சூடு ஆறாத எஃகு, அதில் ஆயிரக்கணக்கான சின்னத் துளைகள், ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவு வெளிச்சம். காய்ந்த பருத்தியின் வாசனை. வெளியே அவ்வளவு பெரிய ஆலை இரைந்துகொண்டிருக்கிறது என்பதே உள்ளே தெரியவில்லை. தன் மூச்சு மட்டும் தட்டையாகத் திரும்பி வந்தது. எலியின் ஃபோனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கையுறை விரலால் திரையை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு ஃபோனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து, காலடிக்கு அப்பால் வட்டமாகத் தெரிந்த வாசலைப் பார்த்தாள்.

அந்த வட்டத்தின் நடுவே மேலாளர் நின்றிருந்தார். அவளுடைய ஃபோனைத் திரை மேலே பார்க்க இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தார், விளிம்பு வரை நிரம்பிய கிண்ணத்தை ஏந்துவது போல. மஞ்சள் வெளிச்சம் அவர் தாடையில் விழுந்திருந்தது. யாரோ பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. இரண்டு கட்டைவிரலையும் திரையில் படாமல் அகல விரித்து வைத்துக்கொண்டு, அப்படியே நின்றார்.